பாலுக்கும் ஏருக்கும்: ஓங்கோல் மாடு போன தூரம்

நாற்பது கோடி ரூபாய் மதிப்புள்ள "நெல்லூர் மாடு" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளை வெளேரென்று, திமிலோடு, ஒரு சின்ன லாரி அளவுக்கு நிற்கும் அந்த மாட்டின் பெயர் வியாட்டினா-19. செய்தி பொய்யில்லை. 2023இல் பிரேசிலில் நடந்த ஏலத்தில் அந்த மாட்டின் உரிமையில் மூன்றில் ஒரு பங்கு விற்றது, அந்த விலையை வைத்து முழு மாட்டின் மதிப்பு சுமார் 43 லட்சம் டாலர் என்று கணக்குப் போட்டார்கள், கின்னஸிலும் ஏறியது. எடை 1,101 கிலோ. படத்தை அனுப்புகிறவர்கள் எல்லோரும் கீழே ஒரே வரியைத்தான் எழுதுகிறார்கள்: நம்ம மாட்டோட பெருமையைப் பாருங்க.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த மாட்டை யாரும் கறப்பதில்லை, அதன் காளைக் கன்றுகள் எதுவும் நுகத்தடியைப் பார்க்கப் போவதில்லை. அது முழுக்க முழுக்க இறைச்சிக்காக வளர்த்தெடுத்த வம்சம். அதன் பாட்டன் பூட்டன்கள் புறப்பட்ட ஆந்திராவின் ஓங்கோல் பக்கத்தில் இதே மாட்டை இரண்டு வேலைக்காக வளர்த்தார்கள்: பசு வீட்டுக்குப் பால் தரவேண்டும், அது போடும் காளைக் கன்று கரிசல் மண்ணில் ஏர் இழுக்கவேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது ஒன்றுதான். மாட்டினத்தை உருவாக்குவது ரத்தம் மட்டும் கிடையாது, அந்த மாட்டிடம் நாம் என்ன வேலை கேட்கிறோம் என்பதும் சேர்ந்துதான். வேலையை மாற்றினால் ஒரு நூறு வருடத்தில் மாடும் மாறிவிடும். ஓங்கோல் மாட்டின் கதையில் இது தெளிவாகத் தெரிவதுபோல் வேறு எந்த இந்திய மாட்டிலும் தெரிவதில்லை.

முதலில் மண்ணைச் சொல்லவேண்டும். ஆந்திராவின் இன்றைய பிரகாசம் மாவட்டம், அதை ஒட்டிய குண்டூர், நெல்லூர் பகுதிகள். குண்டலகம்மா, பாலேறு, மூசி என்று சின்னச் சின்ன ஆறுகள் ஓடும் வறண்ட நாடு (இந்த மூசி ஹைதராபாத் மூசி இல்லை, வேறு). சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசல் மண். அங்கே காலம் காலமாகச் சோளம்தான் பயிர், சோளத்தட்டைதான் மாட்டுக்குத் தீவனம். எலும்பு பருத்து, உயரமாக, நீளமான உடம்போடு ஒரு மாடு அங்கே உருவானதற்கு அந்தச் சுண்ணாம்பு மண்ணில் விளைந்த தட்டைக்கும் பங்கு உண்டு என்று மாடு தெரிந்தவர்கள் எப்போதுமே சொல்லி வந்திருக்கிறார்கள். நெல்லூர் மாடு என்ற பெயர் எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் ஓங்கோல் தாலுகா நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது, 1904இல் குண்டூர் மாவட்டம் பிரிந்தபோதுதான் அதோடு போனது, பிரகாசம் மாவட்டம் வந்தது 1970இல். மாடு அதற்கு முன்னாலேயே கப்பல் ஏறிவிட்டதால் கடலுக்கு அந்தப் பக்கம் பழைய மாவட்டத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

இனி மாட்டின் உருவம். நிறம் வெள்ளை, காளைக்கு மட்டும் தலை, கழுத்து, திமில் பக்கம் கருஞ்சாம்பல் ஏறியிருக்கும். முடிதான் வெள்ளை, அடியில் தோல் கருப்பு. வெயிலை வெள்ளை முடி திருப்பி அனுப்பிவிடும், மிச்சத்தைக் கருந்தோல் தடுத்துவிடும், அதனால் மே மாத ஆந்திர வெயிலிலும் தோல் வெந்து போகாது. மூக்கு, கண்ணிமை, வால் குஞ்சம் எல்லாம் கருப்பு. கொம்பு குட்டை. கழுத்துக்குக் கீழே அலைதாடி மடிப்பு மடிப்பாகத் தொங்கும். வளர்ந்த காளை 550 கிலோவைத் தாண்டும், பசு 400க்கு மேல். காங்கேயம் காளையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு மாதிரி மாடு என்பது உடனே புரிந்துவிடும். காங்கேயத்துக்கு இறுக்கமான, முறுக்கிய உடம்பு, ஓங்கோலுக்குத் தளர்வான தோல், நிதானமான நடை. ஓட்டத்துக்கு ஏற்ற மாடு இல்லை இது. ஆழ உழவும், பாரம் ஏற்றிய வண்டியும்தான் இதன் பலம். தஞ்சை டெல்டாவின் சேற்றுக்கு உம்பளச்சேரி எப்படியோ, அப்படித்தான் அந்தக் கனத்த கரிசலுக்கு ஓங்கோல்.

ஆதி எங்கே என்று கேட்டால், திமில் மாடு எல்லாவற்றுக்குமே சிந்து சமவெளிப் பக்கம்தான். அந்தப் பகுதியில் இவற்றைப் பழக்கி எடுத்து ஏறத்தாழ எட்டாயிரம் வருடம் ஆகிறது. அங்கிருந்து ஓங்கோல் வரை எப்படி வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது, ஆனால் உருவத்தை வைத்து 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மாட்டினங்களை வகைப்படுத்தியவர்கள் ஒரு வரிசையைக் காட்டினார்கள். பலூசிஸ்தானத்துப் பக்கம் பாக்நாரி, வடக்கே ஹரியானா, விதர்பாவில் கௌலாவ், தெற்கே ஓங்கோல், எல்லாமே வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறம், குட்டைக் கொம்பு, நீண்ட முகம். கௌலாவ் மாட்டையும் ஓங்கோல் மாட்டையும் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்பார்கள், ஒன்று ஒல்லி, இன்னொன்று கனம். மக்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு தெற்கே நகர்ந்த பாதை இது என்பது அவர்கள் ஊகம். நிரூபணம் கேட்டால் தரமுடியாது, ஆனாலும் எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது.

"இருபயன் இனம்" என்று கால்நடை மருத்துவப் பாடங்களில் சொல்வதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் இதில் ஐரோப்பாவும் நாமும் வேறு வேறு அர்த்தத்தில் பேசுகிறோம். ஸ்விட்சர்லாந்தின் சிம்மென்டால் மாட்டை இருபயன் என்றால் பாலும் இறைச்சியும். நம்மிடம் இருபயன் என்றால் பாலும் உழைப்பும். ஹரியானா, காங்கிரேஜ், தார்பார்க்கர், ஓங்கோல் எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. இரண்டையும் ஒரே மாட்டில் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. பாலுக்கு மட்டும் தேர்ந்தெடுத்தால் காலும் தோளும் மெலியும், உழைப்புக்கு மட்டும் தேர்ந்தெடுத்தால் மடி வற்றும். ஓங்கோல் பசு சராசரியாக ஓர் ஈத்துக்கு (ஒருமுறை கன்று ஈன்றதிலிருந்து பால் வற்றும்வரை) 800 கிலோவை ஒட்டித்தான் பால் தரும், நல்ல பராமரிப்பில் உள்ள நல்ல பசுக்கள் அதைவிட நிறையவே கறக்கும். கலப்பினப் பசுவோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் பசு போட்ட காளைக் கன்று மூன்று வயதுக்குப் பிறகு பத்து வருடம் ஒரு குடும்பத்தின் நிலத்தை உழுது, வண்டி இழுத்து, கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்து, எருவும் கொடுத்தது. அந்த வரவையும் சேர்த்துத்தான் விவசாயி பசுவை மதிப்பிட்டார். அந்தப் பக்கத்து விவசாயிகள் காளைக் கன்றுக்குத் தாய்ப்பாலை முழுசாகவே விட்டுவிடுவதும் வழக்கமாக இருந்தது. வீட்டுக்கு மோர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கன்று உழவு ஜோடியாகச் சேரும்போது சந்தையில் அந்தப் பால் ரூபாயாகத் திரும்பி வந்துவிடும்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். குடும்பத்தில் பெரியவர் ஒருவர் இறந்தால் அவர் நினைவாக ஒரு காளைக் கன்றை சாமிக்கு விடுவார்கள். ஏதோ ஒரு கன்றைப் பிடித்து விட்டுவிட முடியாது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, தாயைப் பார்த்து, தகப்பன் காளையைப் பார்த்து, கால், குளம்பு, திமில் எல்லாம் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் சூடு போட்டு விடுவார்கள். தெலுங்கில் ஆம்போத்து என்பார்கள், நம் ஊர்க் கோயில் காளை மாதிரி. அது யார் வயலில் மேய்ந்தாலும் விரட்டமாட்டார்கள், ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதுதான் பொலிகாளை. பக்தி ஒரு பக்கம், மறு பக்கம் அந்த ஊரின் இனவிருத்தித் திட்டமே அதுதான். எந்தத் துறையும் எந்தப் பதிவேடும் இல்லாத காலத்தில் தலைமுறை தலைமுறையாக இப்படித் தேர்ந்தெடுத்துத்தான் அந்த இனத்தை ஒரே சீராக வைத்திருந்தார்கள்.

அப்புறம் கப்பல்.

1868இல் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல் பிரேசிலின் சால்வடோர் துறைமுகத்தில் நின்றபோது அதில் இருந்த ஓர் ஓங்கோல் ஜோடி அங்கேயே இறங்கிவிட்டது. பத்து வருடம் கழித்து, 1878இல், ரியோ டி ஜெனிரோவைச் சேர்ந்த மனுவேல் லெம்குருபர் என்ற பண்ணைக்காரர் ஜெர்மனியின் ஹாம்பர்க் விலங்குக் காட்சிசாலையிலிருந்து இன்னொரு ஜோடியை வாங்கிப் போனார். யோசித்துப் பாருங்கள், சிங்கம் புலியோடு வேடிக்கை காட்ட வைத்திருந்த நம் உழவு மாடு! அவர் மாடுகளின் வம்சாவளியை லெம்குருபர் என்ற பெயரிலேயே இன்றும் தனியாகக் காப்பாற்றி வருகிறார்கள். போர்ச்சுகீசியர்கள் கொண்டுபோன ஐரோப்பிய மாடுகள் வெப்பத்திலும் உண்ணித் தொல்லையிலும் திணறிக்கொண்டிருந்த நாட்டில் இந்த மாடு கொடிகட்டிப் பறந்தது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் உபெராபா என்ற ஊர் திமில் மாடுகளுக்கே தலைநகர் ஆனது, இன்றும் ஒவ்வொரு வருடமும் பெரிய கண்காட்சி அங்கேதான். 1938இல் வம்சாவளிப் பதிவேடு தொடங்கி, நெலோரே (நெல்லூர் என்பதை அவர்கள் சொல்லும் விதம்) இனம் என்றால் இன்னின்ன அடையாளம் இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள்.

கடைசிப் பெரிய இறக்குமதி 1960களின் தொடக்கத்தில். மாடுகளை நேரே பிரேசில் கரையில் இறக்காமல் அந்த நாட்டின் பெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அதில் போன காளைகளில் தாஜ்மஹால், கோதாவரி என்றெல்லாம் பெயர்கள் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானவன் கர்வாடி. ஓங்கோலுக்குப் பக்கத்தில் கரவதி என்று ஒரு கிராமம், அந்த ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு போனவன். இன்றைய நெலோரே மாடுகளில் கர்வாடியின் ரத்தம் இல்லாத வம்சத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும், அந்த அளவுக்கு அவனைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பிரேசிலில் இன்று 20 கோடிக்கும் மேல் மாடுகள், பெரும்பங்கு நெலோரே அல்லது நெலோரே கலந்தவை. இத்தனை கோடியும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில காளைகளை நோக்கியே போய்ச் சேர்வதால், எண்ணிக்கை கடலாக இருந்தாலும் வம்ச அகலம் குறுகியதுதான். அங்குள்ள ஆராய்ச்சியாளர்களே இதைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறார்கள்.

அதைவிட எனக்குச் சுவாரசியமான விஷயம் வேறு. போனது சில ஆயிரம் திமில் மாடுகள், அதுவும் எல்லா இனமும் சேர்த்து. அதிலிருந்து கோடிக்கணக்கில் பெருக்கவேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? அங்கே ஏற்கனவே இருந்த ஐரோப்பிய வழிப் பசுக்களோடு ஓங்கோல் காளையைச் சேர்த்து, பிறந்த கிடாரியை மறுபடி ஓங்கோல் காளையோடு, அதன் கிடாரியை மறுபடியும் என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். தாய்வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பரிசோதித்தபோது, சுத்த நெலோரே என்று பதிவான மாடுகள் பலவற்றில் திமிலில்லாத ஐரோப்பிய மாட்டின் தாய்வழி இருப்பது தெரிந்தது. உருவம், திமில், வெள்ளை நிறம், வெயில் தாங்கும் தோல் எல்லாம் ஓங்கோல். ஆனால் பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டி ஒரு போர்ச்சுகீசியப் பசு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. "நம்ம மாட்டை அப்படியே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்" என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

பிரேசில்காரர்கள் மாட்டிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிரக்கியாரியா புல் விதைத்த பெரிய பெரிய மேய்ச்சல் நிலங்களில், அதிகம் ஆள் தலையிடாமல், தானே கன்று போட்டு, தானே பால் கொடுத்து வளர்த்து, வருடத்துக்கு ஒரு கன்றை எடைபோடத் தயாராகக் கொடுக்கவேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி மாடு மாறியது. காம்பு சிறுத்தது, மடி கச்சிதமானது, கன்று குடித்து மீதி கறக்க ஒன்றும் இருக்காது. தோளைவிடப் பின்தொடையில் சதை ஏறியது. கொம்பே இல்லாத மோஷோ என்ற வகையைத் தனியாக வளர்த்தார்கள், ஏனென்றால் மந்தையில் கொம்பு இடைஞ்சல்தான். கயிறு பிடித்து வளர்த்த ஓங்கோல் காளை ஒரு சின்னப் பையன் பின்னால் நடந்து வரும், மந்தையில் வளர்ந்த நெலோரே ஆளைக் கண்டால் மிரளும். குணம்கூட வேலையைப் பொறுத்துத்தான் அமைகிறது.

இந்தோனேசியாவில் வேறு கதை. டச்சுக்காரர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓங்கோல் மாடுகளை சும்பா தீவுக்குக் கொண்டுபோனார்கள். வறண்ட புல்வெளித் தீவு அது, மாட்டுக்குச் சொந்த ஊர் மாதிரியே இருந்திருக்கும். அங்கே கலக்காமல் வைத்துப் பெருக்கிய வம்சம்தான் சும்பா ஓங்கோல். அங்கிருந்து காளைகளை எடுத்து ஜாவாவின் சிறிய உள்ளூர் மாட்டோடு சேர்த்ததில் பெரானாக்கான் ஓங்கோல் என்ற இன்னொரு வகை வந்தது. இதைப் பற்றி நம் ஆட்கள் யாரும் படம் அனுப்புவதில்லை, விலை கோடிகளில் இல்லை என்பதால் இருக்கலாம். எனக்கோ வெளிநாடு போனவற்றில் மனதுக்கு நெருக்கமானது இந்த ஜாவா மாடுதான். சிறு விவசாயி வீட்டு மாடு அது. கொட்டகையில் கட்டி, புல் அறுத்துப் போட்டு வளர்த்தார்கள், வயலை உழுதார்கள், வண்டியில் கட்டினார்கள், பணமுடை வந்தால் விற்றார்கள். பாலைத் தவிர ஓங்கோலின் பழைய வாழ்க்கை அங்கேதான் தொடர்ந்தது.

அமெரிக்காவின் பிராமன் மாட்டிலும் ஓங்கோல் உண்டு, ஆனால் அதில் கிர், காங்கிரேஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு எல்லாவற்றையும் கலந்துவிட்டதால் அதை ஓங்கோலின் வகை என்று சொல்லமுடியாது. அது தனி இனம்.

சரி, சொந்த ஊரில் என்ன ஆனது? டிராக்டர் வந்தது. நாகார்ஜுனசாகர் கால்வாய்த் தண்ணீர் வந்த பக்கமெல்லாம் நெல்லும் மிளகாயும் பருத்தியும் ஏறின, மற்ற பக்கம் புகையிலை. சோளம் சுருங்கியது, அதோடு தட்டையும். பாலுக்கு முர்ரா எருமை வந்து உட்கார்ந்துகொண்டது, ஆந்திராவில் எருமைப்பாலின் கொழுப்புக்கு நல்ல விலை. பால் விஷயத்தில் எருமையிடம் தோற்று, உழவு விஷயத்தில் டிராக்டரிடம் தோற்று, இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் கையை விட்டுப் போன ஒரு மாட்டை விவசாயி எதற்காகக் கட்டித் தீனி போடுவார்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு "நாட்டு மாட்டைக் கைவிட்டார்கள்" என்று விவசாயியைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. மாட்டுக்கு வேலை இல்லாமல் போனது அவர் முடிவு கிடையாது.

மிச்சம் இருக்கும் ஒரே பெரிய வேலை பந்தயம். சங்கராந்தி சமயத்தில் ஆந்திரா, தெலங்கானா கிராமங்களில் கல் இழுக்கும் போட்டி நடக்கும். ஒரு பெரிய கருங்கல் பாளத்தைச் சங்கிலியால் கட்டி, ஜோடிக் காளைகள் குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு தூரம் இழுக்கின்றன என்று அளப்பார்கள். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று வயதைக் காட்டும் பல்லை வைத்துப் பிரிவுகள். அந்தக் காளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மண்ணில் குளம்பு ஊன்றி, திமில் முன்னால் சாய்ந்து, நுகத்தடி கிறீச்சிட அவை கல்லை நகர்த்தும்போது கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஜெயிக்கும் ஜோடிக்கு லட்சக்கணக்கில் விலை. இந்தப் பந்தயம் இல்லாவிட்டால் நல்ல ஓங்கோல் காளைகள் தனியார் வீடுகளில் இன்று இந்த அளவுக்குக்கூட இருந்திருக்காது, இங்கே ஜல்லிக்கட்டு புலிகுளத்துக்கு என்ன செய்ததோ அதைத்தான் அங்கே கல் செய்தது. ஆனால் பந்தயம் காளையை மட்டும்தான் பார்க்கிறது. மேலும் மேலும் பாரமான, சதைப்பிடிப்பான காளையைத் தேடித் தேடிச் சேர்க்கும்போது அதன் தாய் எவ்வளவு கறந்தாள் என்று யார் கேட்கிறார்கள்? உள்ளூரிலேயே இன்னொரு வகை உருவாகிக்கொண்டிருக்கிறது, ஒரு பயன் மட்டும் உள்ள வகை. பிரேசில் இறைச்சியை நோக்கிப் போனது, நாம் பந்தயத்தை நோக்கிப் போகிறோம்.

பசுவின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது இன்று பெரும்பாலும் அரசுப் பண்ணைகள்தான். குண்டூருக்குப் பக்கத்தில் லாம் ஆராய்ச்சி நிலையம், பிரகாசம் மாவட்டத்தில் சதலவாடா பண்ணை, நெல்லூர் மாவட்டத்தில் சிந்தலதேவியில் தேசிய காமதேனு இனவிருத்தி மையம். லாமில் கருமாற்று முறையிலும் (நல்ல பசுவின் கருவை வேறு பசுவின் வயிற்றில் வைத்து வளர்ப்பது) நல்ல பசுக்களைப் பெருக்கியிருக்கிறார்கள். இந்த வேலையை மதிக்கிறேன், பண்ணைகள் இல்லாவிட்டால் பால் தரும் ஓங்கோல் வம்சம் காணாமலே போயிருக்கும்.

பிரேசிலிலிருந்து உறைவிந்து வாங்கி ஓங்கோலை மீட்கலாமே என்று அடிக்கடி ஒரு யோசனை வருகிறது, படித்தவர்களே சொல்கிறார்கள். எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. நூறு வருடமாக மடியைப் பற்றிக் கவலைப்படாமல், தொடைச் சதைக்காகத் தேர்ந்தெடுத்த காளையின் விந்தைக் கொண்டுவந்து நம் பசுவுக்குப் போட்டால், பிறக்கும் கிடாரி இருக்கும் கொஞ்சநஞ்சப் பாலையும் குறைக்கும். பெரிய கன்று கிடைக்கும், ஆமாம், ஆனால் இறைச்சிக்கு மாடு வளர்க்காத ஊரில் அந்தப் பெரிய கன்றை வைத்து விவசாயி என்ன செய்வார்?

வேண்டியது உள்ளூரிலேயே இருக்கிறது, கணக்கு எழுதுவதுதான் நடக்கவில்லை. பிரகாசம், குண்டூர் கிராமங்களில் இன்னும் கறக்கும் ஓங்கோல் பசுக்களை வீடு வீடாகத் தேடி, ஒவ்வோர் ஈத்துக்கும் பாலை அளந்து எழுதி, நன்றாகக் கறக்கும் தாயின் காளைக் கன்றை நல்ல விலை கொடுத்து எடுத்து, அதன் விந்தை அதே கிராமங்களுக்குச் சினை ஊசியாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஆம்போத்துக்குச் செய்த அதே வேலைதான், கையில் ஒரு அளவுக் குவளையும் நோட்டும் கூடுதலாக. இதில் சிக்கல் நேரம். ஓங்கோல் கிடாரி முதல் கன்று ஈனவே ஏறத்தாழ மூன்றரை வருடம் ஆகிறது. ஒரு காளை நல்ல காளையா என்று தெரிய அதன் மகள்கள் கறக்கும்வரை காத்திருக்கவேண்டும் என்றால், அந்தக் காளை பிறந்த நாளிலிருந்து குறைந்தது எட்டு வருடம். இடையில் ஆட்சி மாறும், திட்டத்தின் பெயர் மாறும், பால் அளக்க வந்துகொண்டிருந்த ஆள் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போவார். அப்போதும் அந்த நோட்டு அடுத்த ஆளின் கைக்குப் போய்ச் சேர்ந்து, அதே பசுவின் நான்காவது ஈத்தையும் யாராவது எழுதவேண்டும்.